பொன்னாடையும் பூட்டும்

கடந்த ஏப்ரல் மாதம் ஒரு சேவைச் சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். எந்தச் சங்கம், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் எல்லா ஊர்க்காரர்களும் 'நம்ம சங்கமா இருக்குமோ' என்று ஒரு நிமிடம் யோசிப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

கூப்பிட்டவர் சங்கத்தின் தலைவர். ஜவுளிக்கடை முதலாளி. நல்ல மனிதர். "சார், சமுதாயப் பணிகள் பத்தி நம்ம மெம்பர்ஸுக்கு ஒரு அரை மணி நேரம் பேசணும். கொஞ்சம் மோட்டிவேஷனலா இருந்தா நல்லாருக்கும். நடுவுல ரெண்டு ஜோக் வந்துச்சுன்னா இன்னும் நல்லது" என்றார்.

அழைப்பிதழில் ஏழு மணி. ஏழே முக்காலுக்குத் தலைவர் வெண்கல மணியை அடித்தார். இந்தச் சங்கங்களில் கூட்டம் தொடங்கவும் முடிக்கவும் மணி உண்டு; நடுவில் நடப்பதற்கு மட்டும் கடிகாரம் கிடையாது. கையில் வேறு வேலை இல்லாததால் வாட்ச்சைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தேன். இறை வணக்கம். உறுதிமொழி. தலைவர் கழுத்தில் பதக்கப் பட்டை அணிவித்தல். வரவேற்புரை. அந்த வாரம் பிறந்த நாள், கல்யாண நாள் வந்த உறுப்பினர்களுக்கு கேக், சால்வை, ஃபோட்டோ. செயலாளர் அறிக்கை. மாநாட்டுக்கு எத்தனை வேன், யாருக்கு ஏ.சி. ரூம் என்று ஒரு நீண்ட விவாதம். (அன்றைக்கு உண்மையான ஜனநாயகம் நடந்தது அந்த விவாதத்தில்தான்.) பிறகு என்னை அறிமுகப்படுத்தும் படலம். "அறிமுகம் தேவையில்லாதவர்" என்று ஆரம்பித்து ஒன்பது நிமிடம் அறிமுகப்படுத்தினார் ஒரு வக்கீல். என்னைப் பற்றி எனக்கே தெரியாத மூன்று தகவல்கள் கிடைத்தன.

மைக் என் கைக்கு வந்தபோது மணி எட்டு ஐம்பது. அரங்கத்தின் பின்பக்கம் பாத்திரங்களின் மூடியைத் திறந்த வாசனை. தலைவர் காதருகே வந்து, "சார், ஒரு பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சுக்கலாமா? டின்னர் ஆறிடும்" என்றார். பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தேன். இரண்டு ஜோக் சொன்னேன். இரண்டுக்கும் சிரித்தார்கள். நன்றாகப் பேசிவிட்டோம் என்ற திருப்தியோடு உட்கார்ந்தேன்.

இதுவரைக்கும் ஒன்றும் பிரச்னை இல்லை. தமிழ்நாட்டில் வாராவாரம் எத்தனையோ ஊர்களில் இதுதான் நடக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

*

'சிறப்பு நிகழ்ச்சி' என்று அறிவித்தார்கள். அரசு பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குதல். அடையாளமாக வாங்கிக்கொள்வதற்கு நான்கு மாணவிகளை யூனிஃபார்மில் அழைத்து வந்திருந்தார்கள். ஆறரை மணியிலிருந்து அந்தப் பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி, தலையைக் கோதிவிட்டு, மேடைக்கு அனுப்பினார்கள். மணி ஒன்பது ஐந்து.

ஒரு நோட்டுக்கட்டைப் பதினோரு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். அதைப் பிடிக்க இடம் கிடைக்காதவர்கள் பிடித்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபோட்டோ.

தலைமையாசிரியையை "ரெண்டு வார்த்தை நன்றி" சொல்லச் சொன்னார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மைக்கைப் பிடித்த விதத்திலேயே மேடைப் பழக்கம் இல்லாதவர் என்று தெரிந்தது. அவர் சொன்னதை நினைவிலிருந்து அப்படியே தருகிறேன்:

"நோட்டு குடுத்ததுக்கு ரொம்ப நன்றிங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே சங்கத்துலேர்ந்து எங்க ஸ்கூலுக்கு நாலு டாய்லெட் கட்டிக் குடுத்தீங்க. அதுக்கும் நன்றிங்க. அதுல மோட்டார் போயி ஒன்றரை வருஷமாச்சு. தண்ணி இல்ல. கழுவ ஆளும் இல்ல. நாத்தம் தாங்காம பூட்டி வெச்சிருக்கோம். நானூறு பிள்ளைங்க படிக்குதுங்க. காலையில வீட்டுல தண்ணி குடிக்காம வருதுங்க. குடிச்சா போகணுமில்ல. சாயங்காலம் வரைக்கும் அடக்கி வெச்சுக்குதுங்க. மாசத்துல அந்த மூணு நாளு பெரிய பிள்ளைங்க லீவு போட்டுடுதுங்க. எங்களுக்குப் புதுசா எதுவும் வேணாங்க. அந்த மோட்டார சரி பண்ணி, ஒரு ஆளு சம்பளத்துக்கு மட்டும் வழி பண்ணீங்கன்னா போதும்."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அரங்கம் அமைதியாக இருந்தது. எங்கேயோ ஒருவர் கை தட்டினார். உடனே எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தலைவர் எழுந்து வந்து அந்த அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். "மேடம், இந்தப் பக்கம் பாருங்க" என்றார் ஃபோட்டோகிராஃபர். தேசிய கீதம். மணி. டின்னர்.

ஒரு கோரிக்கையை மரியாதையாகக் கொல்வதற்கு நாம் கண்டுபிடித்திருக்கும் ஆயுதம் கைதட்டல். அடக்கம் செய்யும் துணிதான் பொன்னாடை.

*

இதைப் படித்ததும் என்ன கடிதங்கள் வரும் என்று எனக்குத் தெரியும். 'ஏதோ சொந்தக் காசைச் செலவு பண்ணி நல்லது செய்கிறவர்களை ஏன் ஐயா நோண்டுகிறீர்கள்? அரசாங்கம் செய்யாததை அவர்களாவது செய்கிறார்களே?' நியாயமான கேள்வி. செய்ததையும் சொல்லிவிடுகிறேன்.

போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்டரி உலக அளவில் போலியோ ஒழிப்பை 1985-ல் கையில் எடுத்தது. இந்தியாவில் கடைசியாக இயற்கையான போலியோ வைரஸ் தாக்கியது 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில், ஒரு பெண் குழந்தையை. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் நம் பிராந்தியத்துக்கே போலியோ இல்லை என்று சான்றிதழ் கொடுத்தது. இதில் பெரும் பங்கு வீடு வீடாக ஐஸ் பெட்டியைச் சுமந்த அரசு சுகாதார ஊழியர்களுடையது. ஆனால், பணம் திரட்டியது, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பந்தல் போட்டு உட்கார்ந்தது, சொட்டு மருந்து நாளை ஊர்த் திருவிழா மாதிரி ஆக்கியது என்று சங்கத்துக்காரர்கள் பங்கும் சின்னது அல்ல.

கண் முகாம்களை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அந்த மருத்துவமனையின் முகாம்கள் நடக்கும் முறையைப் பாருங்கள். ஊர்ப் பக்கத்தில் ஒரு சங்கமோ, கோயில் கமிட்டியோ, பள்ளிக்கூடமோ பொறுப்பேற்கும். இடம் பார்ப்பது, தண்டோரா போடுவது, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது எல்லாம் அவர்கள் வேலை. பரிசோதனை மருத்துவமனையின் வேலை. 'ஆபரேஷன் இலவசம்' என்று சொன்னால் மட்டும் ஏழைகள் வந்துவிடவில்லை என்பதை அங்கே ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள். பஸ் செலவுக்குக் காசு வேண்டும். சாப்பாடு வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும். அதனால் முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். மறுபடியும் வந்து கண்ணைப் பார்க்கிறார்கள். அதனால்தான் அது சேவை. வெறும் நிகழ்ச்சியாக இருந்திருந்தால் பரிசோதனை முடிந்து குத்துவிளக்கை அணைத்ததும் முடிந்திருக்கும்.

இன்னொன்று சொல்கிறேன். நம் மாநிலத்தில் பல ஊர்களில் எரிவாயு தகன மேடையை ரோட்டரி போன்ற சங்கங்களின் அறக்கட்டளைகள் நடத்துகின்றன. ஒழுங்காக நடக்கிறது. ரசீது உண்டு, சுத்தம் உண்டு, வருடம் 365 நாளும் ஆள் உண்டு. இதே சங்கங்கள் கட்டிய பள்ளிக் கழிப்பறை ஏன் பூட்டிக் கிடக்கிறது? எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். தகன மேடைக்கு தினமும் ஒருவர் வந்து நிற்பார். பதில் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரிடமும் வந்து நிற்பதில்லை. அவர்கள் அடக்கிக்கொள்வார்கள்.

ஆக, இவர்களுக்குச் செய்யத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியும். தெரிந்தவர்கள் செய்யாமல் இருப்பதுதான் என் புகார்.

*

கொஞ்சம் பழைய கதை. இன்றைய உறுப்பினர்களே பலர் மறந்துவிட்ட கதை.

1905 பிப்ரவரி 23. அமெரிக்காவின் சிகாகோ நகரம். பால் ஹாரிஸ் என்ற வக்கீலும் அவருடைய மூன்று நண்பர்களும் (ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்க இன்ஜினீயர், ஒருவர் தையல்காரர்) ஓர் அலுவலக அறையில் கூடினார்கள். வாரம் ஒருவர் அலுவலகம் என்று சுழற்சி முறையில் கூடியதால் 'ரோட்டரி' என்று பெயர். சேவை கீவை எல்லாம் அப்போது கிடையாது. நட்பு, அப்புறம் ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வது. அவ்வளவுதான்.

அடுத்த வருடம் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீலைச் சேரச் சொன்னார்கள். 'உங்களுக்கு நீங்களே உதவிக்கொள்வதற்கு ஒரு சங்கமா? ஊருக்கு என்ன செய்கிறீர்கள்?' என்கிற பொருளில் அவர் கேட்டார். அந்தக் கேள்வி வேலை செய்தது. 1907-ல் முதல் பொதுக் காரியத்தில் இறங்கினார்கள். என்ன காரியம் தெரியுமா?

பொதுக் கழிப்பறை.

ஆமாம். இன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஓர் அமைப்பின் முதல் சமுதாயப் பணி, சிகாகோ நகர மன்றக் கட்டடத்தின் பக்கத்தில் ஒரு பொதுக் கழிப்பறை. அதை அவர்கள் நன்கொடை வசூலித்துக் கட்டி, கல்வெட்டு வைத்து, ஃபோட்டோ எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற பொது அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, 'இது உன் வேலை, செய்' என்று நகராட்சியை நெருக்கினார்கள். எதிர்ப்பு வந்தது. பீர் தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். மதுக்கடைகளில்தான் ஆண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதே என்றார்கள். பெரிய கடை முதலாளிகள் எதிர்த்தார்கள். பெண்களுக்கு எங்கள் கடையில் இருக்கிறதே என்றார்கள். அவசரத்துக்கு உள்ளே வருகிறவர் ஒரு கிளாஸ் பீரோ, ஒரு கஜம் துணியோ வாங்காமலா போவார்? இவ்வளவையும் தாண்டி 1909-ல் அது திறக்கப்பட்டது.

இப்போது நம் ஊர்ச் சங்கத்தைப் பாருங்கள். நகராட்சித் தலைவர் யார்? போன மாதத்துச் சிறப்பு விருந்தினர். கமிஷனர் யார்? அடுத்த மாதத்துச் சிறப்பு விருந்தினர். பொன்னாடை போர்த்திய கையால் மனு கொடுக்க முடியுமா? 'ஏங்க, பெண்கள் பள்ளிக்கூடத்துல தண்ணி இல்லையாம்ல?' என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, அந்த மேடையில் கேட்டால் என்ன ஆகும்? சங்கடம் ஆகும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்துகொண்டு நானூறு பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்காமல் இருக்கவிடுகிறோம்.

கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2009, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்று பள்ளிக்கான நிபந்தனைகளில் ஒன்றாகவே சொல்கிறது. அது தர்மம் அல்ல, உரிமை. அதை ஞாபகப்படுத்த ஊரில் நான்கு பெரிய மனிதர்கள் வேண்டும். சங்கத்தில் நாற்பது பேர் இருக்கிறார்கள்.

*

இன்னொரு பேச்சாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிமா சங்கம் என்று நாம் அழைக்கும் லயன்ஸ் அமைப்பும் சிகாகோவில் பிறந்ததுதான்; 1917-ல், மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்ஷூரன்ஸ்காரரின் முயற்சியில். 1925 ஜூன் 30 அன்று ஒஹையோ மாநிலத்தின் சிடார் பாயிண்ட்டில் நடந்த மாநாட்டுக்கு ஒரு சிறப்புப் பேச்சாளர் வந்தார். கண் தெரியாது. காது கேட்காது. ஹெலன் கெல்லர்.

அவர் ஜோக் சொல்லவில்லை. நேராக ஒன்று கேட்டார். பார்வையற்றவர்களுக்காக நீங்கள் களத்தில் இறங்க வேண்டும் என்று கேட்டார். கேட்டவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பார்வையற்றோர் கையில் வெள்ளைக்கோல் அமெரிக்கா முழுக்கப் பரவியதில் லயன்ஸ் சங்கங்களுக்குப் பங்கு உண்டு. இன்றைக்கு நம் ஊரில் அரிமா சங்கம் என்றதும் கண் முகாம், கண் தானம் என்று ஞாபகம் வருகிறதே, அந்தப் பாதை அந்தப் பேச்சில்தான் பிறந்தது. ஒரு விருந்தினர் உரை என்பது இவ்வளவு தூரம் போகக்கூடிய விஷயம்.

நம் ஊரில் அந்த உரைக்கு என்ன இடம்? இறை வணக்கத்துக்கும் இட்லி, இடியாப்பத்துக்கும் நடுவில் ஓர் இடைவேளை. இந்த வாரம் சர்க்கரை வியாதி, அடுத்த வாரம் ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட், அதற்கடுத்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட். சர்க்கரை வியாதி பற்றி டாக்டர் பேசி முடித்ததும் குலாப் ஜாமூன். ஒருவேளை அன்றைக்கு சிடார் பாயிண்ட்டில் நம்மவர்கள் இருந்திருந்தால், ஹெலன் கெல்லருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, "மேடம், இந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லியிருப்பார்கள்.

சங்கத்தை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பேச்சாளர்களாகிய எங்கள் கதையும் அழுகல்தான். என் வீட்டு பீரோவில் இருபத்தேழு பொன்னாடைகள் இருக்கின்றன. ஒன்றுகூடத் தலை துவட்ட உதவாது. கேடயங்கள் தனி. எங்களுக்குக் கைதட்டல் பிடித்திருக்கிறது. 'நீங்கள் எல்லாம் சமுதாயத்தின் தூண்கள்' என்று சொன்னால் கை தட்டுவார்கள் என்று தெரியும், சொல்லிவிடுகிறோம். 'நீங்கள் கட்டிய கழிப்பறை பூட்டிக் கிடக்கிறதாமே' என்று கேட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்றும் தெரியும். அன்றைக்கு அந்த அம்மா பேசிய பிறகு நான் எழுந்து, "தலைவர் அவர்களே, இதற்கு என்ன பதில்?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டின்னர் சாப்பிட்டேன். பனீர் நன்றாக இருந்தது.

*

டின்னரில் கை கழுவும் இடத்தில் ஓர் உறுப்பினர் என் பக்கத்தில் வந்து நின்றார். கூட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவர்.

"சார், நான் பம்ப்செட் கடை வெச்சிருக்கேன். ரிப்பேரும் பாக்கறோம். அந்த மோட்டார் போனதே எனக்கு இன்னிக்குத்தான் சார் தெரியும். மூணு வருஷமா யாரும் எங்கிட்ட சொல்லல. கட்டும்போதும் கேக்கல. சென்னைலேர்ந்து கான்ட்ராக்டர் வந்து கட்டுனாரு" என்றார்.

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. இந்தச் சங்கங்களை ஆரம்பித்தவர்கள் தொழிலுக்கு ஓர் ஆள் என்று பொறுக்கித்தான் சேர்த்தார்கள். ரோட்டரியில் அதற்கு 'கிளாசிஃபிகேஷன்' என்றே பெயர். ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஓர் ஆடிட்டர், ஓர் இன்ஜினீயர், ஒரு பம்ப்செட் கடைக்காரர். ஓர் ஊரை ஓட்டுவதற்கு வேண்டிய எல்லாக் கைகளும் ஒரே அறையில். இது எவ்வளவு பெரிய சொத்து! ஆனால், அந்தக் கைகளிடம் நாம் கேட்பது என்ன? ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய். அதை வைத்து நோட்டுப் புத்தகம், ஃப்ளெக்ஸ் பேனர், மெமென்டோ. பம்ப்செட் கடைக்காரரிடம் மோட்டாரைக் கேட்காமல் பேனருக்குக் காசு கேட்கிற சங்கத்துக்கு சேவையைப் பற்றி ஒன்றும் புரியவில்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்தது ஞாபக மறதி. சங்கத்தின் ஆண்டு ஜூலை 1-ல் பிறக்கிறது, ஜூன் 30-ல் இறக்கிறது. புதுத் தலைவர் பதவி ஏற்றதும் பழைய தலைவரின் திட்டங்களுக்குக் காரியம் நடந்துவிடுகிறது. 'என் பீரியட்ல' என்று ஏதாவது புதிதாகத் திறந்தாக வேண்டும். அந்தக் கழிப்பறைக் கல்வெட்டில் பதினான்கு பெயர்கள் இருக்கின்றன. இப்போதைய நிர்வாகி ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. அப்புறம் அந்த மோட்டாரைப் பற்றி யாருக்குக் கவலை?

போலியோ ஏன் ஜெயித்தது? 1985-லிருந்து 2011 வரை 26 ஆண்டுகள். ஒவ்வொரு சங்கத்திலும் 26 தலைவர்கள் மாறியிருப்பார்கள். ஒருவர்கூட, 'போலியோ அவர் பீரியட் திட்டம், நான் வேற பண்றேன்' என்று சொல்ல முடியவில்லை. ஏனென்றால் கணக்கு ஒன்றுதான்: இந்த வருடம் எத்தனை குழந்தைகளுக்கு வந்தது? பூஜ்யம் ஆகும் வரை விடாதே. நம் பள்ளிக்கூடத் திட்டத்துக்கும் கணக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும்: இன்றைக்கு எத்தனை கதவு திறந்திருக்கிறது?

இது சங்கங்களின் வியாதி மட்டுமல்ல. 2014-க்குப் பிறகு மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் நாடு முழுக்கப் பள்ளிகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கழிப்பறைகள் கட்டின. 15 மாநிலங்களில் நேரில் போய்ச் சோதித்த தணிக்கைத் துறை 2020-ல் அறிக்கை வைத்தது. சோதித்தவற்றில் 72 சதவிகிதத்துக்கு உள்ளே குழாய்த் தண்ணீர் கிடையாது. கட்டுவதற்கு விழா உண்டு. கழுவுவதற்கு விழா இல்லை. அதுதான் சிக்கலே.

*

ஒரு சின்னக் கணக்கு. தினமும் வந்து சுத்தம் செய்ய ஓர் ஆளுக்கு மாதம் ஆறாயிரம் ஆகும் என்கிறார் தலைமையாசிரியை. பள்ளிக்கூடம் நடப்பது பத்து மாதம். அறுபதாயிரம். அன்றைக்கு டின்னர் ஒரு பிளேட் நானூறு ரூபாய் என்று பொருளாளர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். நாற்பது பேர். பதினாறாயிரம். நான்கு டின்னருக்கு அறுபத்து நாலாயிரம். அதாவது, இரண்டு மாதக் கூட்டங்களின் பனீரும் குலாப் ஜாமூனும் சேர்ந்தால் நானூறு பெண் பிள்ளைகளுக்கு ஒரு கல்வி ஆண்டு முழுக்கக் கழிப்பறை. மிச்சம் நாலாயிரத்துக்கு ஃபினாயிலும் துடைப்பமும் வாங்கலாம். சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு கூட்டத்துக்கு மட்டும் இட்லி, வடையோடு முடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். உடம்புக்கும் நல்லது. சர்க்கரை வியாதி டாக்டரும் அதைத்தானே சொல்லிவிட்டுப் போனார்?

பெண்கள் விஷயம் என்பதாலும் இது அமுங்கிப்போகிறது. ரோட்டரியில் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று உலக அளவில் விதியை மாற்றியதே 1989-ல்தான். அதுவும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-ல் தீர்ப்புச் சொன்ன பிறகு. லயன்ஸ் கதவைத் திறந்ததும் 1987-ல். இன்றைக்குப் பெண் தலைவர்கள் நிறைய வந்துவிட்டார்கள். 2022-ல் ரோட்டரியின் உலகத் தலைவராகவே ஒரு பெண், ஜெனிஃபர் ஜோன்ஸ், வந்தார். ஆனால் நான் போன கூட்டத்தில் உறுப்பினர்களாக இருந்த பெண்கள் இரண்டே பேர். மற்ற பெண்கள் எல்லாம் 'ஃபேமிலி' என்ற பெயரில் பின்வரிசையில். தலைமையாசிரியை 'அந்த மூணு நாளு' என்று சொன்னபோது முன்வரிசை தரையைப் பார்த்தது. பின்வரிசை நிமிர்ந்து பார்த்தது. முடிவு எடுக்கிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

குறை சொல்லிவிட்டு ஓடிவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது. என் யோசனைகள் இவை. காப்பிரைட் கிடையாது. எந்தச் சங்கமும் எடுத்துக்கொள்ளலாம்.

1. பொன்னாடை, மெமென்டோ இரண்டையும் ஒரு வருடம் நிறுத்திப் பாருங்கள். உண்மையில் சொல்வதற்கு விஷயம் உள்ளவர்கள் மட்டும் வருவார்கள்.

2. ஒவ்வொரு பேச்சாளரிடமும் கடைசியில் ஒரே கேள்வி: 'நாங்க என்ன செய்யணும்?' அதைச் செய்கிறோமா இல்லையா என்று அங்கேயே கை தூக்கி முடிவெடுத்து மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். 'முடியாது' என்று எழுதினாலும் பரவாயில்லை. கைதட்டலைவிட அது நேர்மையானது.

3. புதுத் தலைவரின் முதல் மூன்று மாதம் எந்தப் புதுத் திட்டமும் கூடாது. கடந்த ஐந்து வருடத்தில் கட்டியதை, கொடுத்ததை எல்லாம் நேரில் போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் திறக்க வையுங்கள்.

4. பள்ளிப் பிள்ளைகளை ராத்திரியில் மேடைக்கு வரவழைக்காதீர்கள். கொடுக்க வேண்டியதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், பகலில், கேமரா இல்லாமல் கொடுங்கள்.

5. நகராட்சித் தலைவரைக் கூப்பிடுங்கள். தாராளமாகக் கூப்பிடுங்கள். பேச விடாதீர்கள். பதில் சொல்ல விடுங்கள்.

6. எந்தத் திட்டத்துக்கு ஒதுக்கினாலும் அதில் மூன்றில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு என்று பாங்க்கில் போட்டுவிடுங்கள். போட முடியாதென்றால் கட்டாதீர்கள்.

*

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியைக்கு ஃபோன் செய்தேன்.

"மோட்டார் ஓடுது சார். அந்தப் பம்ப்செட் கடைக்காரர் அடுத்த வாரமே ரெண்டு பசங்களோட வந்து மாட்டிட்டுப் போனாரு. பில்லு குடுங்கன்னேன், சிரிச்சுட்டுப் போயிட்டாரு. பேரு எழுதவும் வேணாம்னுட்டாரு. ஆளுதான் இன்னும் இல்ல. டீச்சருங்க நாங்க நாலு பேரு மாசம் ஐந்நூறு போட்டு ஒரு அம்மாவ வாரத்துல ரெண்டு நாளு வர வெக்கிறோம். அந்த ரெண்டு நாளு திறந்து விடறோம். மத்த நாளு பூட்டுதான்."

"எந்த ரெண்டு நாள் டீச்சர்?"

"செவ்வாயும் வெள்ளியும் சார். பிள்ளைங்க இப்ப அந்த ரெண்டு நாளு மட்டும் தண்ணி பாட்டில் கொண்டு வருதுங்க."

ஜூலை முதல் வாரத்தில் புதுத் தலைவர் ஃபோன் செய்தார். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். குரலில் பதவி ஏற்ற உற்சாகம். "சார், போன தடவ உங்க ஸ்பீச் சூப்பர். மெம்பர்ஸ் எல்லாம் இன்னும் அந்த ஜோக்கப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க. என் பீரியட்லயும் ஒரு தடவ வரணும். அதே டாபிக்."

"வர்றேன் சார். ஆனா கூட்டத்த ஓட்டல்ல வெக்காதீங்க. பெண்கள் பள்ளிக்கூடத்துல வெச்சுக்கலாம். ஒரு புதன்கிழமை, காலையில பத்து மணிக்கு. சாயங்காலம் நாலு மணி வரைக்கும். எல்லா மெம்பர்ஸும் வரணும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு வரணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"போர்டு மீட்டிங்ல பேசிட்டுச் சொல்றேன் சார்" என்றார்.

ஃபோனுக்காகக் காத்திருக்கிறேன்.